பேரையூர்த் தோட்டத்துப் பூ: காந்தள், தோன்றி, கோடல் என்னும் பெயர்களின் வரலாறு

சங்கச் செய்யுட்களைக் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டோர் நாள்தோறும் பல மரஞ்செடிகொடிகளின் பெயர்களை எடுத்துரைக்கின்றனர். அவற்றுள் எத்துணையை அவர்கள் நேரிற் கண்டறிவர் என வினவின், விடை மகிழ்ச்சி தருவதாயிராது. உரையாசிரியர் கூறிய பொருளையோ அகராதி தந்த பொருளையோ மாணவர்க்கு உரைத்து மேற்செல்லுதலே பெரும்பான்மை வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தின் குறையை எமக்கே உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றையும், அது காரணமாக யாம் மேற்கொண்ட ஆராய்ச்சியையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1. பேரையூரிற் கண்ட பூ

பேரையூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்டன. ஈண்டுக் கூறப்படுவது மதுரை மாவட்டத்துப் பேரையூர். மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சதுரகிரி மலைக்கு அணித்தாக அமைந்த ஊர் அது. மலையும் அன்று, தனிச் சமவெளியும் அன்று எனத்தக்க இடைப்பட்ட நிலம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அந்நிலத்திற்குப் பெருந்துணை.

அவ்வூரில் எம் பழைய மாணவர் ஒருவரின் இல்லம் உளது. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் யாம் அங்குச் சென்றபோது, வீட்டின் பின்புறத் தோட்டத்தில் கிளுவை வேலிமேல் ஏறிப் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டி, "இஃது யாது?" என அவர் வினவினார். அதனை வீட்டார் எவரும் நட்டிலர். முன்னை மழைக்குப்பின் தானே முளைத்தது என்றனர்.

கொடியை அணுகி நோக்கினோம். இலைகள் நீண்டு கூர்த்திருந்தன. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு பற்றுக்கம்பியாய் அமைந்து வேலிக் கிளையைப் பற்றியிருந்தது. பூ தலைகவிழ்ந்து தொங்கியது. ஆயின் அதன் இதழ்கள் ஆறும் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நின்றன. இதழோரங்கள் நெளிநெளியாக இருந்தன. மகரந்தத் தாள்கள் ஆறும் விரல்களைப்போல் வெளியே விரிந்திருந்தன. சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒருபுறமாக நீண்டிருந்தது. நிறமோ பசுமை கலந்த வெளிறிய மஞ்சள்.

"காந்தளாக இருக்குமோ?" என மாணவர் ஐயுற்றார். "காந்தள் செந்நிறப் பூவாதலின் இஃது அதுவன்று, வேறொரு காட்டுக்கொடியாதல் வேண்டும்" என யாம் தயங்காது விடை கூறினோம். அன்றைய நாளில் எம் நெஞ்சில் இருந்தது நூற்பொருளேயன்றிப் பூவன்று.

அவ்விடையின் விளைவு யாம் எதிர்பாராதது. வேலியோரத்தை வெட்டிச் சீர்செய்தபோது கிடைத்த கிழங்குகள் சிலவற்றை வீட்டார் முற்றத்தில் வைத்திருந்தனர். அவை ஒருவகை வள்ளிக்கிழங்கு எனக் கருதி அவிப்பதற்கென எடுத்து வைத்தவை. அவை அக்கொடியின் கிழங்குகளே. கொடி காந்தளன்று என யாம் கூறவே, அவர்தம் ஐயமும் ஒருவாறு நீங்கிற்று. அவ்வேளையில் அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர் மோர் கொண்டு வந்தார். கிழங்கைக் கண்டதும் அவர் கூறிய சொற்களை அவ்வாறே தருகின்றோம்: "ஐயையோ, இது கண்வலிப்பூக் கெழங்கு. அத அவிச்சுத் தின்னா ஆளு மிஞ்சாது. தொட்ட கையோட கண்ணத் தொட்டுறாதீக." கிழங்கு உடனே குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. அம்மூதாட்டியார் எழுத்தறியாதவர்.

ஐந்து நாள் கழித்து மீண்டும் அங்குச் சென்று நோக்கினோம். முன்னர் வெளிறிய மஞ்சளாய் இருந்த அதே பூக்கள் செந்தழல் நிறம் பெற்றிருந்தன. கொடியின் மேற்புறத்தில் அன்று அலர்ந்த பூக்கள் மட்டும் பசுமஞ்சளாய் இருந்தன. அது செங்காந்தளே என்பதில் ஐயம் இன்றாயிற்று. யாம் தவறியது பூவின் ஒரு நாளைய நிறத்தை அதன் இயல்பெனக் கொண்டமையால். நூலறிவு பிழைத்த இடத்தில் ஊரறிவு ஓர் இல்லத்தைக் காத்தது.

இந்நிகழ்ச்சி எம்மிடத்து ஒரு வினாவை எழுப்பிற்று. ஒரே கொடியில் ஒரே நாளில் வெளிறிய பூவும் சிவந்த பூவும் காணப்படுமாயின், சங்கச் செய்யுட்களில் காந்தள், தோன்றி, கோடல் என மூன்று பெயராலும், செம்மை வெண்மை என இரு நிறத்தாலும் வழங்கும் பூக்கள் எத்துணைச் செடிகளைக் குறிப்பன? இவ்வினாவையே மேல் ஆராய்வாம்.

2. இலக்கியச் சான்றுகள்

காந்தள் தமிழ் மரபில் பெருஞ்சிறப்புடையது. தொல்காப்பியர் புறத்திணையியலில் வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் எனப் பெயரிட்டார். திருப்பரங்குன்றத்தை முதற்கண் பாடும் திருமுருகாற்றுப்படை, முருகன் சூடிய கண்ணி காந்தட்பூவால் ஆயது எனக் கூறுகின்றது. ஆண்டுக் காந்தளுக்குத் தரப்பட்ட அடைமொழி, அப்பூச் சுடரை ஒத்தது என்னும் பொருளுடையது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆயது. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடப்பட்டது என்பது மரபு. அதில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்கள் 99 என எண்ணப்படும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-இல் பதிப்பித்தபோது, ஏடுகள் சிலவற்றில் இப்பகுதியிற் பூப்பெயர்கள் சில உதிர்ந்திருக்கக் கண்டு வருந்தி, தருமபுர ஆதீனத்து ஏட்டின் துணையால் அவற்றை மீட்ட வரலாற்றைத் தமிழ் கற்றோர் அறிவர். ஒரு பூவின் பெயரும் வீழ்தலாகாது என அப்பெரியார் உழைத்த உழைப்பால் நமக்குக் கிடைத்த பட்டியலில் காந்தளும் உண்டு, தோன்றியும் உண்டு, கோடலும் உண்டு. மூன்றும் தனித்தனி இடங்களில் நிற்கின்றன.

ஈண்டு ஒரு குறிப்பு நோக்கத்தக்கது. திருமுருகாற்றுப்படை காந்தளுக்குத் தந்த சுடர்ப்பூ என்னும் அடைமொழியைக் குறிஞ்சிப்பாட்டுத் தோன்றிக்குத் தருகின்றது. இருவேறு புலவர் இருவேறு பெயர்களுக்கு ஒரே அடையைத் தந்தமை, அவர்தம் கண்முன் நின்ற பூ ஒன்றே எனக் கருதுதற்கு முதற் சான்றாகும். வடமொழியில் இச்செடிக்கு வழங்கும் அக்கினிசிகை என்னும் பெயரும் தீச்சுடர் என்னும் பொருளதே.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, கார்காலத்துக் காட்டினைப் புனையுமிடத்துக் காயா, கொன்றை, கோடல், தோன்றி என்னும் நான்கினையும் அடுத்தடுத்துக் கூறும். அவற்றுள் கோடலின் குவிந்த முகை அவிழ்தல் கை விரிதலுக்கும், தோன்றியின் நிறம் குருதிக்கும் ஒப்பாகின்றன. மலைபடுகடாம், மலர்ந்த காந்தளை உடைந்த வளையோடு ஒப்பிடும்.

பிற்கால நிகண்டு நெறியில் இம்மூன்றும் ஓரினமாக வைக்கப்பட்டன. தோன்றி செங்காந்தள் எனவும் கோடல் வெண்காந்தள் எனவும் பொருள் கூறப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இந்நெறியையே பின்பற்றிற்று.

3. மேலைக்கடற்கரையில் வாழ்ந்த சொல்

தோன்றி என்னும் சொல் இன்றைய தமிழ்ப் பேச்சுவழக்கில் இப்பூவிற்கு வழங்குவதன்று. பேரையூர்ப் பகுதியில் கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்பனவே வழக்கு. பிறவிடங்களில் கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எனவும், ஈழத்தில் கார்த்திகைப்பூ எனவும் வழங்குவர். ஆயின் தோன்றி என்னும் சொல் முற்றும் இறந்துபடவில்லை. மலையாளத்தில் இச்செடிக்கு இன்றும் மேந்தோன்னி என்பது பெயர்.

தமிழில் ன்ற என நிற்கும் மெய்யிணை மலையாளத்தில் ன்ன என வருதல் ஒழுங்கான ஒலிமாற்றமாகும். ஒன்று, மூன்று, கன்று என்பன ஆண்டு முறையே ஒன்னு, மூன்னு, கன்னு என நிற்றலையும், தோன்றுக என்பது தோன்னுக என நிற்றலையும் காண்க. எனவே தோன்னி என்பது தோன்றியே என்பது தெளிவு. முன்னுள்ள மே என்பது எவ்வாற்றான் வந்ததாயினும் இம்முடிவிற்கு இடையூறு இல்லை.

இச்சொல்லுக்குப் பதினேழாம் நூற்றாண்டில் ஒரு நெடும்பயணம் வாய்த்தது. கொச்சியிலிருந்து மலையாளக் கரையை ஆண்ட ஒல்லாந்தர் ஆட்சித் தலைவர் வான் ரீடு என்பவர், அந்நாட்டுச் செடிகொடிகளை ஓவியத்துடன் விளக்கும் ஓர்த்தசு மலபாரிக்கசு என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர் முதலிய உள்ளூர் அறிஞர்களின் அறிவே அந்நூலுக்கு அடிப்படை. அதன் ஏழாம் தொகுதியில் இச்செடி மெந்தோனி என்னும் பெயருடன் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. அதற்குச் சற்று முன்னர், இலங்கையில் ஒல்லாந்தரின் மருத்துவராய் இருந்து மீண்ட பவுல் எர்மன், இலெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துச் செடிகளைத் தொகுத்து 1687-இல் வெளியிட்ட நூலில் இதனை மெத்தோனிக்கா எனக் குறித்து, மலபாரிகளுக்குரியது என அடையும் சேர்த்தார். மேந்தோன்னி என்பதன் இலத்தீன் வடிவே மெத்தோனிக்கா என்பது ஒலியாலும் இடத்தாலும் பெறப்படும்.

சங்கப் புலவர் வழங்கிய சொல் ஒன்று இவ்வாறு ஐரோப்பியச் செடிநூலில் இடம்பெற்றது. ஆயினும் அது நெடிது நிலைக்கவில்லை. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு, செடிகளின் பேரினப் பெயர்கள் கிரேக்கம் அல்லது இலத்தீன் வேர் உடையனவாதல் வேண்டும் என்னும் கொள்கையர். பிறமொழிப் பெயர்களை விலக்குதலே அவர் நெறி. அந்நெறிக்கு இணங்க இச்செடிக்குப் புகழுடையது என்னும் பொருளில் குளோரியோசா எனப் பெயர் சூட்டினார். 1753-இல் வெளிவந்த அவர்தம் நூலில் குளோரியோசா சூப்பர்பா என்னும் இருசொற்பெயர் இடம்பெற்று இன்றளவும் நிலைத்துள்ளது. மெத்தோனிக்கா என்னும் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சிலரால் ஆளப்பட்டுப் பின்னர் வழக்கொழிந்தது. பழைய பெயர் செடிநூலாரின் ஒத்தபெயர்ப் பட்டியலில் மட்டும் உறைகின்றது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் பெரிது. தோன்றி என்பது எச்செடி என்னும் வினாவிற்கு நிகண்டுகளை மட்டும் நம்பி விடை கூற வேண்டுவதில்லை. சொல்லோடு செடியின் ஓவியமும் ஒருசேர வைக்கப்பட்ட சான்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் கையில் உளது. அவ்வோவியத்துச் செடியும் பேரையூர்க் கிளுவை வேலியிற் கண்ட செடியும் ஒன்றே.

4. பெயர் மூன்று, செடி எத்துணை?

இனி, குறிஞ்சிப்பாட்டு மூன்று பெயர்களையும் தனித்தனியே கூறலின் மூன்றும் வெவ்வேறு செடிகளாதல் வேண்டும் என்பாரும் உளர். அவர் கூற்று முதல் நோக்கில் வலியுடையது போலத் தோன்றும். ஆயின் அப்பட்டியலின் இயல்பை ஆராய்ந்தால் அவ்வலி குறையும். அப்பட்டியலில் நெய்தல் வெவ்வேறு அடைமொழிகளுடன் இருமுறை வந்துள்ளது. தாழையும் வந்துள்ளது, தாழைக்கே உரிய மற்றொரு பெயராகிய கைதையும் வந்துள்ளது. ஆதலின் ஒரு பெயருக்கு ஒரு செடி என்னும் இக்காலச் செடிநூல் வரையறையைக் கபிலர்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

காந்தளும் தோன்றியும் ஒன்றே என்பதற்கு இருவர் தந்த ஒரே அடைமொழி துணைசெய்கின்றது. இரண்டிற்கும் வேறுபாடு உண்டெனின் அது நிலம்பற்றியதாகலாம். காந்தள் குறிஞ்சிநிலத்துப் புனைவுகளிலும் தோன்றி முல்லைநிலத்துக் கார்காலப் புனைவுகளிலும் சிறந்து நிற்கின்றன. மலைவாழ்நர் ஒரு பெயராலும் காடுவாழ்நர் வேறொரு பெயராலும் ஒரே கொடியை வழங்கியிருத்தல் இயல்பே. இன்றும் மாவட்டந்தோறும் அதன் பெயர் வேறுபடுதலை மேலே கண்டோம். இக்கொடி வேனிலில் தண்டும் இலையும் மடிந்து, மண்ணுள் கிழங்கு மட்டுமாய் உறங்கிக் கிடக்கும். மழை பெய்தபின் திடுமென முளைத்தெழும். தோன்றுதலின் தோன்றி எனப்பட்டது எனக் கொள்ளினும் இழுக்கின்று.

கோடலைப் பற்றிய ஆராய்ச்சியே அரிது. அதனை வெண்காந்தள் என அகராதிகள் கூறும். தூய வெண்ணிறப் பூவுடைய காந்தட்கொடி நம் நாட்டில் இயல்பாகக் காணப்படுவதன்று. எனவே இருவகை விளக்கங்களுக்கு இடமுண்டு. ஒன்று, கோடல் என்பது காந்தளோடு ஒப்புமையுடைய வேறொரு செடி என்பது. மற்றொன்று, காந்தளின் முகையும் அன்றலர்ந்த வெளிறிய பூவுமே கோடல் எனப்பட்டன என்பது.

முதல் விளக்கத்திற்கு முல்லைப்பாட்டுத் துணைசெய்கின்றது. காயாவும் கொன்றையும் வெவ்வேறு மரங்களாதல்போல, அவற்றை அடுத்து நின்ற கோடலும் தோன்றியும் வெவ்வேறாதல் வேண்டும் என வாதிடலாம். இரண்டாம் விளக்கத்திற்கும் அவ்விடமே துணைசெய்தல் வியப்பிற்குரியது. ஆண்டுக் கோடலுக்குக் கூறப்பட்டது முகை அவிழும் நிலை. தோன்றிக்குக் கூறப்பட்டது முதிர்ந்த செந்நிறம். பேரையூர்க் கொடியில் மேற்கிளையில் முகை அவிழ்ந்து வெளிறி நின்றதும், கீழ்க்கிளையில் பூ முதிர்ந்து குருதிபோற் சிவந்து நின்றதும் ஒரே நோக்கில் எம் கண்ணிற்பட்டன. அரும்பு முதல் செம்மல் ஈறாகப் பூவின் பருவந்தோறும் பெயரிட்ட தமிழர், நிறம் மாறும் ஒரு பூவிற்கு இரு பெயர் வழங்கினர் எனக் கொள்ளுதல் அவர்தம் இயல்பிற்கு மாறன்று.

ஆயினும் இவ்விரண்டாம் விளக்கத்தை முடிந்த முடிபாக யாம் கூறவில்லை, கருதுகோளாகவே வைக்கின்றோம். கோடலுக்குக் கூறப்பட்ட இயல்புகளுள் இக்கொடிக்கு ஒவ்வாதது ஒன்று சங்கச் செய்யுட்களில் ஐயமறக் காணப்படின், இக்கருதுகோள் வீழ்தல் வேண்டும். கோடல் வரும் இடங்கள் அனைத்தையும் தொகுத்து முகை, இதழ், நிறம், மணம், பருவம், நிலம் என வகுத்து நோக்குதல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர்க்கு ஏற்ற பணியாகும். பி. எல். சாமி 1967-இல் வெளியிட்ட சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம் என்னும் நூல் இத்தகு பணிக்கு வழிகாட்டியாய் நிற்கின்றது.

5. பெயரும் உயிரும்

இவ்வாராய்ச்சி சொல்லளவில் அமைவதன்று என்பதைப் பேரையூர் நிகழ்ச்சி காட்டும். இக்கொடியின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் உளது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இப்பொருளை 1820-இல் பிரித்தெடுத்தனர். உயிரணுக்கள் பிரிந்து பெருகுதலை அது தடுக்கும். மருத்துவர் மிகச் சிற்றளவில் கீல்வாதத்திற்குக் கொடுப்பர். அளவு மிகின் வாந்தியும் கழிச்சலும் தொடங்கி உள்ளுறுப்புகள் செயலற்று இறப்பு நேரும். பிழைத்தோர்க்கும் சில நாளில் தலைமயிர் உதிரும். ஈழத்தில் வற்றாளை எனப்படும் சர்க்கரைவள்ளியென மயங்கி இக்கிழங்கை உண்டு நஞ்சுற்றோர் உளர் என மருத்துவ ஏடுகள் கூறும்.

பழம்பெயர்கள் மறைந்து பிற்காலப் பெயர்கள் வழங்கியதன் காரணமும் இதனால் ஒருவாறு புலனாகும். காந்தள், தோன்றி என்பன பூவின் அழகையும் வரவையும் நோக்கியவை. கலப்பைக்கிழங்கு என்பது கலப்பைபோல் வளைந்த கிழங்கின் வடிவை நோக்கியது. வடமொழி இலாங்கலி என்பதும் அப்பொருட்டே. கண்வலிப்பூ என்பதோ எச்சரிக்கை. அதனை உற்று நோக்கின் கண் வலிக்கும் என்னும் நம்பிக்கை மெய்யன்றாயினும், சிறுவரை அக்கொடியினின்று விலக்கும் பயனை அது தந்தது. புலவர் பெயர் ஏட்டில் நின்றது. உயிர்காக்கும் பெயர் ஊரார் நாவில் நின்றது.

இன்று செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் முதலிய இடங்களில் மருந்துக்கென அதன் விதையைப் பெறப் பயிரிடுகின்றனர். இங்ஙனம் புகழும் பொருளும் உடையதாயினும், வேலியில் நின்றபோது அதனை இன்னதென்று கூற எம்மால் இயலவில்லை.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. தோன்றி என்பது இக்கொடியே என்பது மேந்தோன்னி என்னும் வழக்காலும் பதினேழாம் நூற்றாண்டு ஓவியத்தாலும் உறுதிப்படும். காந்தளும் அதுவே என்பது அடைமொழி ஒப்புமையாலும் வடிவாலும் பெரிதும் ஏற்கத்தக்கது. கோடல் வெண்காந்தள் என்பது நிகண்டு வழி வந்த பொருளேயன்றி நேரிற் கண்டு நிறுவப்பட்டதன்று. ஆதலின் அகராதிகளும் பாடநூல்களும் இம்மூன்றையும் ஒரே உறுதியுடன் கூறுதலைத் தவிர்த்தல் நலம்.

செடியொன்றை ஒருநாட் காட்சியால் துணிதல் ஆகாது என்பதும் யாம் கற்ற பாடமாகும். முகை, பூ, காய், கிழங்கு என்னும் எல்லாப் பருவத்தும் அதனை நோக்குதல் வேண்டும். செடிநூல் வல்லாரையும் ஊரிலுள்ள முதியோரையும் ஒருங்கே உசாவுதல் வேண்டும். தமிழ்த்துறைகள் ஒவ்வொன்றும் தத்தம் வட்டாரத்து மூதாட்டியரும் மருத்துவரும் வேளாளரும் வழங்கும் செடிப்பெயர்களை, உலர்த்திய செடியோடு சேர்த்துத் தொகுத்து வைத்தல் காலத்தினாற் செய்யத்தக்க பணியாகும். ஏட்டில் உதிர்ந்த பூப்பெயர்களை ஒருவர் மீட்டுத் தந்தார். நாவில் உதிர்ந்துவரும் பெயர்களை மீட்டல் நம் கடன்.

பேரையூர்த் தோட்டத்தில் அக்கொடி இன்றும் உளது. வீட்டார் அதனை வெட்டிலர். சிறுவர் அணுகாவாறு முள்ளிட்டுக் காத்து, அடுத்த கார்காலத்துப் பூவை நோக்கியிருக்கின்றனர்.